3-6, 6-3, [10-5]: அந்தச் சதுர அடைப்புக்குள் என்ன நடக்கிறது?

2024 பிப்ரவரி. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் சென்னை ஓபன் சேலஞ்சர் போட்டியின் ஆடவர் இரட்டையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஆந்திராவின் சாகேத் மைனேனியும் சென்னைக்காரர் ராம்குமார் ராமநாதனும். எதிர்ப்பக்கம் ரித்விக் பொல்லிபள்ளியும் நிக்கி பூனச்சாவும். சாகேத், ராம்குமார் ஜோடி ஜெயித்தது. ஸ்கோர் 3-6, 6-3, [10-5].

டென்னிஸை ஓரளவு பார்க்கிறவருக்கும் இந்த ஸ்கோர் இடறும். ஒரு செட்டில், ஜெயித்த கேம்களின் எண்ணிக்கையாக 6 வரும், 7 வரும். 10 எங்கிருந்து வந்தது? அதற்கு மட்டும் ஏன் சதுர அடைப்பு? சில இணையதளங்களில் இதே ஆட்டம் 3-6, 6-3, 1-0 என்று கிடக்கும். 1-0-இல் முடிகிற செட் என்று ஒன்று உண்டா?

உண்டு. ஆனால் அதைப் புரிந்துகொள்ள, இந்தப் போட்டி டென்னிஸ் உலகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் இரட்டையர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்கோரில் தெரிகிற விநோதம் எல்லாம் அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் வருகிறது.

இரண்டாம் படி என்றால் எது?

ஆடவர் தொழில்முறை டென்னிஸை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

1. மேல்படி: நான்கு கிராண்ட்ஸ்லாம்கள், அவற்றுக்குக் கீழே, ஆடவர் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் சுற்றில் வரும் 1000, 500, 250 போட்டிகள்.

2. நடுப்படி: ஏடிபி சேலஞ்சர் சுற்று. இதற்குள்ளேயே 50, 75, 100, 125, 175 என்று ஐந்து தரங்கள்.

3. அடிப்படி: சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்15, எம்25 போட்டிகள்.

இந்த எண்கள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. சேலஞ்சர் 100 போட்டியில் ஜெயித்தால் 100. கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 2,000. அதாவது ஒரு கிராண்ட்ஸ்லாம் கோப்பை, இருபது சேலஞ்சர் 100 கோப்பைகளுக்குச் சமம். இரட்டையரில் இந்தப் புள்ளியை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை, ஆளுக்கு முழு 100. பரிசுப் பணம் அப்படி இல்லை. அது ஜோடிக்கு ஒரு தொகை, இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

சேலஞ்சர் சுற்று 1978-இல் 18 போட்டிகளோடு தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா வாரமும் உலகத்தின் ஏதாவது மூலையில் ஒன்றோ பலவோ நடந்துகொண்டிருக்கின்றன. டிவியில் வராது. யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் தரவரிசையில் நூறு, இருநூறு என்று நிற்கிறவர்களின் பிழைப்பு இங்கேதான்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "சென்னை ஓபன்" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு போட்டிகள் நடந்திருக்கின்றன. 1997 முதல் 2017 வரை நடந்தது மேல்படியைச் சேர்ந்த ஏடிபி சுற்றுப் போட்டி. அது 2018-இல் புனேவுக்குப் போனது, 2023 ஜனவரியோடு அங்கேயும் நின்றது. 2022-லும் 2025-லும் நடந்தது பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 போட்டி. மூன்றாவது ஆடவர் சேலஞ்சர்: 2018-லும் 2019-லும் நடந்து, 2023 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. அரங்கம் ஒன்று, பெயர் ஒன்று, தரம் வேறு வேறு. "நடால் ஆடின போட்டிதானே இது?" என்று கேட்கிறவர்கள் நினைப்பது முதலாவதை.

புனே போட்டி நின்றபோது இந்தியாவில் ஆடவருக்கான மேல்படிப் போட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2024-இல் சென்னை, பெங்களூரு, புனே, டெல்லி என்று வரிசையாக நடந்த சேலஞ்சர்கள்தான் உள்ளூர் ஆடவருக்குச் சொந்த மண்ணில் கிடைத்த உச்சம்.

16 ஜோடி, 15 ஆட்டம்

சேலஞ்சர் இரட்டையர் ட்ராவில், அதாவது யார் யாரோடு மோதுவார் என்ற பட்டியலில், 16 ஜோடிகள். நான்கு சுற்று: முதல் சுற்று, கால் இறுதி, அரை இறுதி, இறுதி. நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. முதல் சுற்றிலேயே தோற்றால் தரவரிசைப் புள்ளி பூஜ்யம்.

தரவரிசையில் முன்னால் நிற்கும் நான்கு ஜோடிகளுக்கு சீடிங், அதாவது பட்டியலில் முன்கூட்டியே பிரித்து ஒதுக்கிய இடம், உண்டு. முதல் சீடு ட்ராவின் உச்சியில், இரண்டாவது அடியில். மூன்றாவதும் நான்காவதும் ஆளுக்கொரு பாதியில். இவர்கள் அரை இறுதிக்கு முன்னால் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். மீதி இடங்கள் குலுக்கல்.

பெயர்களுக்குப் பக்கத்தில் வரும் குறிகளையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

டபிள்யூசி என்றால் வைல்டு கார்டு. தரவரிசை போதாவிட்டாலும் போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் விருப்பத்தில் தரும் இடம். பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களுக்குப் போகும்.

பிஆர் என்றால் பாதுகாக்கப்பட்ட தரவரிசை. காயத்தால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆடாமல் இருந்தவர், காயம்பட்ட முதல் மூன்று மாதத்தின் சராசரித் தரவரிசையைக் காட்டிக் குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழையலாம். ட்ராவில் 600-ஆம் இடத்துக்காரர் ஒருவர் அநாயாசமாக உள்ளே இருந்தால் இது காரணமாக இருக்கலாம்.

ஆல்ட் என்றால் மாற்று ஜோடி. யாராவது விலகினால் அந்த இடத்தில் ஏறுகிறவர்கள்.

கடைசியாக வாக்ஓவர். ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணி விலகிவிட்டது, ஒரு பந்துகூட அடிக்காமல் அடுத்த சுற்று. இரட்டையரில் இது ஏன் அடிக்கடி கண்ணில் படுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உள்ளே வருவது கூட்டல் கணக்கு

ஒற்றையரில் உங்கள் தரவரிசை எண் போதும். இரட்டையரில் இருவரின் எண்ணையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள ஜோடிக்கு முன்னுரிமை.

இதில் ஒரு சலுகை இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. நுழைவுக்கு ஒருவர் தன் ஒற்றையர் தரவரிசையையோ இரட்டையர் தரவரிசையையோ, எது நல்லதோ அதைக் காட்டலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் ஜோடியில் இருவரும் இரட்டையர் மட்டுமே ஆடுகிறவர்கள். ஒருவர் 110, மற்றவர் 190. கூட்டினால் 300. இரண்டாவது ஜோடியில் இருவரும் ஒற்றையர் ஆட வந்தவர்கள். ஒற்றையரில் ஒருவர் 120, மற்றவர் 140. இரட்டையரில் ஒருவர் 600, மற்றவருக்குத் தரவரிசையே இல்லை. ஆனாலும் நுழைவுக் கூட்டுத்தொகை 260. அதே வாரம் கடைசி இடத்துக்கு இந்த இரு ஜோடிகளும் மோதினால், வருஷம் முழுக்க இரட்டையரே ஆடும் ஜோடி வெளியே நிற்கும்.

இது அநியாயம் என்று இரட்டையர் ஆட்டக்காரர்கள் பலகாலமாகப் பொருமுகிறார்கள். போட்டி நடத்துகிறவர்களுக்கோ, ஏற்கெனவே ஊருக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒற்றையர்காரர்களையே இரட்டையரிலும் இறக்கினால் செலவு மிச்சம். எனக்குப் படுவது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேரம் பேசும் பலம் ஒரு பக்கம்தான் அதிகம்.

ஜோடிகள் வாரத்துக்கு வாரம் மாறுவதற்கும் இந்தக் கூட்டல்தான் முக்கியக் காரணம். "போன வாரம் அவரோடு ஆடினார், இந்த வாரம் இவரோடு ஆடுகிறாரே, சண்டையா?" என்று நினைக்க வேண்டாம். எந்த ஊர்ப் போட்டியில் நுழையக் கூட்டுத்தொகை எவ்வளவு வேண்டியிருக்கும், யாரோடு சேர்ந்தால் அதற்குள் அடங்கும் என்று போனிலேயே கணக்குப் போட்டுத்தான் கூட்டாளியைத் தேடுகிறார்கள். அதன் பிறகுதான் யார் இடது பக்கம் நின்று பந்தை வாங்குவார், யார் வலது பக்கம் என்ற ஆட்டப் பொருத்தம் எல்லாம். சம்பந்தம் பேசுவதில் முதலில் ஜாதகம், அப்புறம்தான் பையன் குணம் என்பதைப் போல.

40-40 ஆனதும் என்ன ஆகிறது?

இப்போது ஆடுகளத்துக்குள் போவோம். இனிமேல் கேமுக்குள் எண்ணுவதைப் பாயின்ட் என்றும், தரவரிசைக்கு எண்ணுவதைப் புள்ளி என்றும் சொல்கிறேன்.

வழக்கமான டென்னிஸில் 40-40 என்றால் டியூஸ். அதற்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு பாயின்ட் எடுத்தால்தான் கேம். ஒன்று எடுத்தால் அட்வான்டேஜ், மறுபடி விட்டால் மறுபடி டியூஸ். இப்படிப் பத்து முறைகூட இழுக்கும்.

ஏடிபி சுற்றிலும் சேலஞ்சரிலும் இரட்டையருக்கு இது கிடையாது. 40-40 வந்தால் ஒரே ஒரு பாயின்ட், எடுத்தவருக்கு கேம். அந்தப் பாயின்டில் பந்தை வாங்கும் ஜோடிக்கு ஓர் உரிமை உண்டு: சர்வ் வலது கட்டத்துக்கு வரட்டுமா, இடது கட்டத்துக்கா என்று அவர்கள் சொல்லலாம். இருவரும் இடத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. அதனால் பக்கத்தைத் தேர்வது என்பது, "இந்தப் பந்தை நம்மில் யார் வாங்குவது?" என்று தேர்வதுதான்.

அந்தச் சில நொடிகளை அரங்கில் கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் இருவரும் தலையைச் சேர்த்து முணுமுணுத்துவிட்டு, ஒருவர் மட்டும் தன் கட்டத்துக்குப் போய்க் குனிந்து நிற்பார். அந்தப் பக்கம் வலையோரம் நிற்பவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து விரல்களால் ஏதோ காட்டுவார். சர்வ் எந்த மூலைக்கு, அது விழுந்ததும் தான் குறுக்கே பாய்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்ற தகவல் அது. சர்வ் செய்கிறவர் "சரி" என்று ஒரு சொல்லோ தலையசைப்போ. பந்து மேலே போகும். மூன்று நான்கு அடியில் கேம் முடிந்துவிடும்.

இந்த ஒரே பாயின்ட் யாருக்கு லாபம்? சின்னக் கணக்கு போட்டால் தெரியும்.

சர்வ் செய்யும் ஜோடி 100 பாயின்டில் 65 எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், டியூஸிலிருந்து அடுத்தடுத்து இரண்டையும் அவர்கள் எடுக்கும் வாய்ப்பு 0.65 × 0.65 = 0.4225. எதிரணி இரண்டையும் எடுக்கும் வாய்ப்பு 0.35 × 0.35 = 0.1225. ஆளுக்கொன்று எடுத்தால் மறுபடி டியூஸ், கணக்கு முதலிலிருந்து. ஆக கேம் சர்வ் செய்தவருக்கே போகும் வாய்ப்பு 0.4225-ஐ 0.545-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 78 சதவீதம்.

புதிய முறையில்? ஒரே பாயின்ட், ஆகவே அதே 65 சதவீதம்தான்.

அதாவது டியூஸ் வரை இழுத்துவிட்டால், எதிரணியின் சர்வை உடைக்கும், அதாவது அவர்கள் சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும், வாய்ப்பு 22 சதவீதத்திலிருந்து 35-க்கு ஏறுகிறது. வலுவான ஜோடிக்குப் பழைய முறையில் இருந்த "பரவாயில்லை, இன்னொரு பந்து இருக்கிறது" என்ற மெத்தை இங்கே இல்லை.

பத்துப் பாயின்ட் செட்

இரண்டு செட்டும் வழக்கம் போல. 6-6 ஆனால் டை-பிரேக், முதலில் 7 பாயின்ட் எடுப்பவருக்கு செட். ஆளுக்கொரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டே கிடையாது. அதற்குப் பதில் ஒரே ஒரு நீண்ட டை-பிரேக், மேட்ச் டை-பிரேக் என்று பெயர்.

1. முதலில் 10 பாயின்ட் எடுக்கும் ஜோடிக்கு ஆட்டம்.

2. இரண்டு பாயின்ட் வித்தியாசம் கட்டாயம். 9-9 ஆனால் 11-9, 12-10 என்று போய்க்கொண்டே இருக்கும்.

3. முதல் சர்வ் ஒரு பாயின்ட். அப்புறம் ஜோடிக்கு இரண்டிரண்டாக மாறி மாறி. ஆறு பாயின்டுக்கு ஒருமுறை பக்கம் மாற்றம்.

இதுதான் அந்தச் சதுர அடைப்பு. "இதை செட் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது கேம் எண்ணிக்கை இல்லை, பாயின்ட் எண்ணிக்கை" என்று வாசகருக்குச் சொல்லும் குறி. 1-0 என்று போடுகிறவர்கள், மூன்றாவது செட்டை ஒரே ஒரு கேமாகக் கணக்கில் வைத்து, அந்த கேமை ஜெயித்தவருக்கு 1 என்று எழுதுகிறார்கள். இரண்டும் சரிதான். சதுர அடைப்புதான் தகவல் கூடுதலாகத் தருகிறது.

கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் இந்தக் கத்தரி இல்லை. அங்கே டியூஸ் பெரும்பாலும் பழைய டியூஸ்தான். மூன்றாவது செட்டை முழுசாக ஆடுவார்கள், அதில் 6-6 வந்தால்தான் பத்துப் பாயின்ட் டை-பிரேக். விம்பிள்டனில் 2022 வரைக்கும் ஐந்து செட்கூட ஆடினார்கள், 2023-இல்தான் மூன்றாக்கினார்கள். இதனால் வருவது ஒரு விசித்திரம்: ஒரு ஜோடி சேலஞ்சரில் வருஷம் முழுக்க ஒரு விதியில் பழகி, கிராண்ட்ஸ்லாமுக்குள் கால் வைத்ததும் வேறு விதியில் ஆட வேண்டும்.

கத்தரி போட்டது யார்?

2005-இல் ஏடிபி ஒரு முடிவெடுத்தது. இரட்டையர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாததால் அட்டவணை போட முடியவில்லை, பெயர் பெற்ற ஒற்றையர் வீரர்கள் இரட்டையரில் ஆட வருவதில்லை, கூட்டம் இல்லை, ஆனால் செலவு மட்டும் இருக்கிறது என்பது போட்டி அமைப்பாளர்களின் புகார். முதலில் வந்த திட்டம் இன்றைக்கு இருப்பதைவிடக் கடுமை. செட்டையே ஐந்து கேமாகச் சுருக்குவது, இரட்டையர் மட்டும் ஆடுகிறவர்களின் நுழைவை நெருக்குவது என்றெல்லாம் இருந்தது.

அமெரிக்காவின் ப்ரையன் சகோதரர்கள் உள்ளிட்ட இரட்டையர் வீரர்கள் அந்த ஆண்டே அமெரிக்க நீதிமன்றத்தில் ஏடிபி மேல் வழக்குப் போட்டார்கள். பேச்சுவார்த்தையில் வந்த சமரசம்தான் இன்றைய வடிவம்: செட் ஆறு கேமாகவே இருக்கும், இரட்டையர் மட்டும் ஆடுகிறவர்களுக்கும் இடம் உண்டு, பதிலுக்கு டியூஸில் ஒரே பாயின்ட், மூன்றாவது செட்டுக்குப் பதில் மேட்ச் டை-பிரேக். 2006 முதல் அதுவே நடைமுறை.

ஆக அந்த [10-5] விளையாட்டு நுணுக்கத்திலிருந்து பிறந்த விதி இல்லை. அட்டவணைக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் பலன் அமைப்பாளருக்குக் கிடைத்தது: ஆட்டம் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது, காலையில் ஒற்றையர் ஆடியவர் மாலையில் இரட்டையரும் ஆடலாம்.

இதனால் என்னென்ன ஆகிறது?

முதலாவது, சீடுகள் உருள்வது சகஜம். எதிரணியைவிடக் கொஞ்சம் மேலான ஒரு ஜோடி, 100 பாயின்டில் 52 எடுக்கும் என்று கொள்வோம். இரண்டு பாயின்ட் பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் நீண்ட ஆட்டத்தில் அது மெல்ல மெல்லச் சேர்ந்து வெற்றியாகும். அதே ஜோடி பத்துப் பாயின்ட் டை-பிரேக்கில் எதிரணியைச் சந்தித்தால், 100 முறையில் ஜெயிப்பது சுமார் 57 முறைதான். ஓட்டம் குறுகக் குறுக அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். முதல் சீடு முதல் சுற்றில் தோற்றார் என்று செய்தி வந்தால், அவர் மோசமாக ஆடினார் என்று உடனே எழுதிவிடக் கூடாது. நாலு பந்து இங்கும் அங்கும் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, சர்வ் நன்றாக அடிக்கிற ஒற்றையர்காரர் ஒருவர், இரட்டையர் நுணுக்கம் பெரிதாகத் தெரியாமலே, ஒரு வாரத்தில் கோப்பை வரை போய்விடலாம். ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையரில் இரு ஓரமும் நாலரை நாலரை அடி சேர்ந்து 36. அந்த ஓரங்களை அடைப்பது, வலையில் குறுக்கே பாய்வது, இருவரும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல் நகர்வது எல்லாம் தனிக் கலை. அந்தக் கலை பலன் தருவதற்குத் தேவையான நீளத்தை இந்த விதி குறைத்துவிடுகிறது. இது விதியின் பலவீனம் என்பதே என் கட்சி. விறுவிறுப்பு கூடியது என்கிறவர்களும் உண்டு, அரங்கில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் சொல்வதையும் மறுக்க முடியாது.

மூன்றாவது, முன்னால் சொன்ன வாக்ஓவர். ஒருவர் ஒற்றையரிலும் இரட்டையரிலும் அரை இறுதிக்கு வந்துவிட்டார், தொடை லேசாகப் பிடிக்கிறது. எதை விடுவார்? 2024 சென்னைப் போட்டியின் மொத்தப் பரிசு சுமார் 1,33,000 டாலர். அதில் ஒற்றையர் பட்டம் வென்ற சுமித் நாகலுக்குக் கிடைத்தது சுமார் 18,000. இரட்டையருக்கு ஒதுக்குவது மொத்தத்தில் சின்னப் பங்கு, அதையும் இரண்டாக வெட்ட வேண்டும். பதில் கேட்க வேண்டியதில்லை. பாவம் அவருடைய கூட்டாளி. நன்றாக இருந்தும் பையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. தங்குவதற்கு அறை போட்டிக்காரர்கள் கொடுப்பார்கள். விமான டிக்கெட், பயிற்சியாளர், உடம்பு பிடித்துவிடும் ஃபிசியோ எல்லாம் சொந்தச் செலவு. இரட்டையர் மட்டும் ஆடும் ஒருவர் சேலஞ்சரில் முதல் சுற்றில் தோற்றுப் போனால், கிடைக்கும் தொகை அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்கவே இழுபறி. அதனால்தான் பலர் தனிப் பயிற்சியாளர் இல்லாமல் அலைகிறார்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு ஏன் ஆடுகிறார்கள்?

வயது. ஒற்றையரில் உடம்பு முப்பதைத் தாண்டியதும் கணக்குக் கேட்கத் தொடங்கும். இரட்டையரில் பாதிக் களத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ரோஹன் போபண்ணா 2024 ஜனவரியில் மேத்யூ எப்டெனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் வென்று உலகின் முதல் இடத்தைப் பிடித்தபோது வயது 43. ஒற்றையரில் 83-ஆம் இடம் வரை போன யூகி பாம்ப்ரி, காயங்களால் அவதிப்பட்ட பிறகு இரட்டையருக்கு மாறி, 2025 அமெரிக்க ஓபன் அரை இறுதி வரை போனார். ராம்குமார் ஒற்றையரில் ஒரு காலத்தில் முதல் நூறின் வாசலில் நின்றவர்.

இப்படி மாறுகிறவர்கள் நேராக மேல்படியில் ஏற முடியாது. ஏடிபி 250 போட்டியின் இரட்டையர் ட்ராவிலும் பெரும்பாலும் 16 ஜோடிகள்தான். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால்தான் கதவு திறக்கும். அந்தத் தொகையைக் குறைக்க நுங்கம்பாக்கம், பெங்களூரு, புனே என்று 50, 75, 100 ஆகச் சேர்க்க வேண்டும். சேர்த்த புள்ளியும் நிரந்தரம் இல்லை. தரவரிசை கடந்த 52 வாரத்தை மட்டும் பார்க்கும். 2024 பிப்ரவரியில் வந்த 100, 2025 பிப்ரவரியில் தானாக உதிரும். "பட்டத்தைத் தக்கவைக்க வேண்டும்" என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதுவதன் அர்த்தம் பெருமை மட்டும் இல்லை. தக்கவைக்காவிட்டால் கூட்டுத்தொகை ஏறும், அடுத்த மாதம் கதவு மூடும்.

அந்தக் கதவு திறந்த கதையையும் பார்க்கலாம். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சேலஞ்சர்களில் பல வருஷம் அலைந்தவர்கள். 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஏடிபி 250 போட்டியை வென்றார்கள். இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் 4-6, 7-6, [10-7]. விஜய்க்கு அது முதல் ஏடிபி பட்டம். ஜீவனுக்கு இரண்டாவது. முதலாவது 2017-இல் நுங்கம்பாக்கத்திலேயே, போபண்ணாவோடு.

அடுத்த மாதமே இன்னொன்று. 2023 சென்னை சேலஞ்சரின் இரட்டையர் பட்டத்தை பிரிட்டனின் ஜே கிளார்க்கோடு சேர்ந்து வென்றவர் அர்ஜுன் காதே. 2024 சென்னை இறுதியில் [10-5] என்று தோற்றவர் ரித்விக். இந்த இருவரும் ஜோடி சேர்ந்து 2024 அக்டோபரில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஏடிபி 250 இறுதிக்குப் போனார்கள். எதிரில் கொலம்பியாவின் நிக்கோலஸ் பாரியன்டோஸும் துனீசியாவின் ஸ்காண்டர் மன்சூரியும். 3-6, 7-6, அப்புறம் 9-9 தாண்டி, 10, 11, 12 என்று ஏறி [14-12]. சதுர அடைப்பு இந்த முறை ரித்விக் பக்கம் சாய்ந்தது.

2025 மார்ச் தொடக்கத்தில் சிலியின் சாண்டியாகோவில் ரித்விக் மறுபடியும் ஓர் ஏடிபி 250 பட்டம் வென்றார். அதற்குள் முந்தைய ஆண்டின் சென்னைப் புள்ளிகள் அவர் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டன. ஜோடியும் மாறியிருந்தது. பக்கத்தில் நின்றவர் பாரியன்டோஸ், ஐந்து மாதம் முன்பு அல்மாட்டியில் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அதே ஆள்.